பழைய கார் இன்ஜினுக்கு மின் எண்ணெய் பம்பு: மாற்றுவதா, துணைக்கு வைப்பதா, இருப்பதையே செப்பனிடுவதா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் 1098 சிசி இன்ஜின் பூட்டிய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தைப்பூசத்துக்கு முதல்நாள், இரத ஊர்வலத்தை ஒட்டி ஜார்ஜ்டவுன் சாலைகள் அடைபட்டுக் கிடந்தபோது, அரை மணி நேரத்துக்கும் மேலாக ஊர்ந்து நகர்ந்த அந்தக் காரில் எண்ணெய் அழுத்தம் குறைவதைச் சொல்லும் எண்ணெய் விளக்கு மினுக்கத் தொடங்கியது. முடுக்கியை மிதித்தால் விளக்கு அணைந்தது. காலை எடுத்தால் மறுபடி எரிந்தது. மறுநாள் தொலைபேசியில் அழைத்தவன், “அண்ணே, பழைய பம்பைத் தூக்கிட்டு எலக்ட்ரிக் பம்பு போட்டுடலாமா? சும்மா ஓடும்போதும் ஃபுல் பிரஷர் இருக்குமாம்” என்று கேட்டான். அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் மூன்று நான்கு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்து, எந்தக் காருக்கு எந்த வழி பொருந்தும் என்று எடைபோடவே இதை எழுதுகிறேன்.

முதலில், உராயும் பாகங்களுக்கு எண்ணெயைத் தள்ளும் பம்பு பழைய இன்ஜின்களில் எப்படிச் சுழல்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரோடு அறிமுகமான ஏ-சீரிஸ் இன்ஜின்தான் மைனரிலும் பின்னர் மினியிலும் வந்தது. அதில் எண்ணெய் பம்பு பிளாக்கின் பின்பக்கத்தில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் வால்முனையோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ரோவர் வி8 இன்ஜினில் பம்பு முன்பக்க மூடியில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அதைச் சுழற்றுகிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கேம்ஷாஃப்ட்டின் முனையில், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய இடத்தில் இருக்கிறது. இடம் எதுவானாலும் கேம்ஷாஃப்ட்டின் சுழற்சியோடு அது கட்டுண்டிருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுழன்றால் கேம்ஷாஃப்ட் ஒரு முறை சுழலும். ஆகவே இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது பம்பு குறைவான எண்ணெயைத் தள்ளும், வேகமாகச் சுழலும்போது தேவைக்கு மேலும் தள்ளும். மிஞ்சியதை, அழுத்தம் வரம்பை மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு, இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கே திருப்பிவிடும். இந்த அமைப்பின் குறையும் இதுதான், நிறைவும் இதுதான். இன்ஜின் சுழலும்வரை பம்பும் சுழலும். பம்பு மட்டும் தனியாக நின்றுபோவதற்கு இணைப்பு முறிய வேண்டும், அது மிக அரிது.

குறை எங்கே தெரிகிறது என்றால், நன்றாகச் சூடேறிய இன்ஜின் நெரிசலில் சும்மா ஓடும்போதும், பல வாரம் நின்ற கார் முதன்முறை உயிர்பெறும்போதும்தான். பினாங்கில் முதல் நிலைமை அன்றாடம் நிகழ்வது. விடியற்காலையிலும் இங்கே வெப்பம் 24, 25 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை என்பதால், குளிர்நாட்டுக்காரர்கள் அஞ்சும் தேன்போல் உறைந்த எண்ணெய் நமக்கு ஒரு சிக்கலே இல்லை. 20டபிள்யூ-50 எண்ணெயின் பாகுநிலை 40 பாகையில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நம் ஊர்க் கார்கள் தவிப்பது இந்தச் சூட்டு முனையில்தான். இரண்டாவது நிலைமையும் இங்கே உண்டு. வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ வெளியே எடுக்கப்படும் காரில், தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளிலும் எண்ணெய்த் தடங்களிலும் இருந்த எண்ணெய் மெல்ல மெல்லச் சம்பில் வடிந்துவிடுகிறது.

மின்பம்பு இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கும் என்பதே அதன் பேரில் வைக்கப்படும் வாதம். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் சுழல்வதற்கு முன்பே எண்ணெய் அழுத்தம் எழும்பிவிடும். சும்மா ஓடும்போதும் குறையாது. இன்ஜினை அணைத்த பிறகும் சில நிமிடம் ஓடவிட்டுச் சூட்டை ஆற்றலாம். இவை அனைத்தும் உண்மை. இவற்றை மறுத்துவிட்டு மின்பம்பை எதிர்ப்பது நேர்மையாகாது. ஆனால் இந்தப் பலன்களைப் பெற பழைய பம்பை அகற்றத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

முழு மாற்றத்தின் விலை

பழைய பம்பை நீக்கிவிட்டு மின்பம்பை மட்டுமே நம்புவது முதல் வழி. இதன் முதல் தடை மின்சாரம். நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெயை 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 4.1 பாரில், தள்ளுவதாக ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய்க்குள் போய்ச் சேர வேண்டிய ஆற்றல் மட்டும் 137 வாட். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்து மொத்தத் திறனை 45 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்தாலும், 300 வாட்டுக்கு மேல் மின்சாரம் தேவைப்படும். 13 வோல்ட்டில் அது 23 ஆம்பியர்.

இந்த எண்ணை மைனரின் டைனமோவோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1960-களில் அந்தக் காரில் வந்த லூக்காஸ் சி40 டைனமோ நல்ல நிலையில் தரக்கூடிய உச்சமே 22 ஆம்பியர்தான், அதுவும் இன்ஜின் போதிய வேகத்தில் சுழன்றால் மட்டும். சும்மா ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. மழை பெய்யும் இரவில் முகப்பு விளக்கு, பின் விளக்கு, வைப்பர், இக்னிஷன், பெட்ரோல் பம்பு எல்லாம் சேர்ந்து 17, 18 ஆம்பியரை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த நிலைமைக்காக மின்பம்பை வாங்குகிறோமோ, அதாவது நெரிசலில் சும்மா நிற்கும் நிலைமையில், அது முழுக்க முழுக்க பேட்டரியைத் தின்றுகொண்டே ஓடும். இதைச் சரிசெய்ய டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் போட வேண்டும். பழைய 16ஏசிஆர் வகை கூட 34 ஆம்பியர்தான் தரும் என்பதால், பம்போடு மின்விசிறியும் வைத்திருப்பவருக்கு அதற்கும் பெரியது வேண்டும். மைனரில் பேட்டரியின் நேர்முனை காரின் உடலோடு இணையும் பாசிட்டிவ் எர்த் அமைப்பு இருப்பதால் பேட்டரி இணைப்பையே திருப்பிப் போட வேண்டும். மொத்தக் காருக்கும் இரண்டே ஃபியூஸ் என்று வடிவமைக்கப்பட்ட மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் தடித்த கம்பி, ரிலே, தனி ஃபியூஸ் என்று ஒரு புதிய மின்சுற்றையே கட்ட வேண்டும். பம்பு வாங்கும் பணத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள்.

இன்ஜினின் சக்தி மிச்சமாகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பழைய காரில் அது நடப்பதில்லை. நேரடியாகச் சுழலும் பம்பு இதே வேலைக்கு ஏறத்தாழ 230 வாட், அதாவது குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 48 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் அது பெரிய செலவன்று. மின்பம்பானால், டைனமோவின் இழப்பையும் சேர்த்து, அதே வேலைக்கு 500 வாட்டுக்கு மேல் கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து உறிஞ்சப்படும். தேவைக்கேற்ப மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதிவேகத்தில் சிறிது மிச்சப்படலாம். சாதாரண பிரஷ் மோட்டாரில் அதுவும் இல்லை.

மின்சாரத்தையாவது பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, பழுதாகும் விதம். தேய்ந்த இயந்திரப் பம்பு மாதக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே தளரும்: முதலில் சூட்டில் அழுத்தம் குறையும், பிறகு விளக்கு மினுக்கும், பிறகு சத்தம் கேட்கும். மின்பம்பு அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒரு ஃபியூஸ் எரிந்தாலும், ரிலேயின் முனை கருகினாலும், எர்த் கம்பியில் துரு ஏறினாலும், நொடியில் அழுத்தம் பூஜ்யமாகிவிடும். ஆனால் இன்ஜின் அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் சுழன்றுகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, பிஸ்டன் தண்டுகளைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்குகள் எண்ணெய் வரத்து இல்லாமல் தாங்குவது சில நொடிகள்தான். இதற்கு எதிராக என் மாமா மகன் ஒருவர் ஒருமுறை நல்ல கேள்வி கேட்டார்: மைனரில் பெட்ரோல் பம்பு ஏற்கெனவே மின்பம்புதானே, அதை நம்புகிறவர்கள் இதை ஏன் நம்பக்கூடாது? நம்பலாம்தான், விளைவு ஒன்றாக இருந்தால். பெட்ரோல் பம்பு நின்றால் கார் ஓரமாக நிற்கும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் பம்பு நின்றால் கார் ஓடிக்கொண்டே தன்னை அழித்துக்கொள்ளும்.

இது எனக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுப் பாதையில், நல்ல மழையில், என்னுடைய மைனரின் டைனமோ மின்னூட்டுவதை நிறுத்திவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்டும் அந்த இடத்தில் நிறுத்த வழியில்லை. வைப்பர் மெல்ல மெல்லச் சோம்பியது, முகப்பு விளக்கு மஞ்சளித்தது. விளக்கைக் குறைத்துக்கொண்டு, வைப்பரை விட்டு விட்டு இயக்கி, பாலிக் பூலாவ் வரை வந்து சேர்ந்தேன். இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் கேட்ட நான்கைந்து ஆம்பியரை பேட்டரி கடைசிவரை தந்தது. அன்று எண்ணெய் பம்பும் அதே பேட்டரியில் ஓடியிருந்தால், 23 ஆம்பியரை இழுத்துக்கொண்டு, வோல்ட் குறையக் குறைய வேகமும் குறைந்து, மலையிலிருந்து இறங்கும் முன்பே இன்ஜினைக் காயவிட்டிருக்கும்.

மின்பம்பை மட்டுமே நம்பும் இன்ஜின்களே உலகில் இல்லையா என்றால், இருக்கின்றன. கப்பல்களின் பெரிய டீசல் இன்ஜின்களில் முதன்மை எண்ணெய் பம்பை மின்மோட்டார்தான் சுழற்றுகிறது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பெரிய மாமாவிடம் இதைப் பேசியபோது அவர் உடனே சுட்டிக்காட்டியது, அங்கே பம்பு ஒன்றல்ல, இரண்டு என்பதைத்தான். ஒன்று ஓடும்போது மற்றொன்று ஆயத்தமாக நிற்கும்; அழுத்தம் குறைந்தால் அது தானாகவே ஓடத் தொடங்கும்; அதுவும் பயன்படாவிட்டால் பாதுகாப்பு அமைப்பு இன்ஜினையே நிறுத்திவிடும். ஆக, மின்பம்பை முதன்மையாக வைப்பவர் அந்த மூன்றையும் சேர்த்து வைக்கிறார். கார் உலகிலும் இதே எச்சரிக்கையைக் காணலாம். 2004-ல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. என்52 இன்ஜினில் தண்ணீர் பம்பை மின்பம்பாக மாற்றினார்கள். அதே இன்ஜினில் எண்ணெய் பம்பைச் சங்கிலியால் சுழலும் இயந்திரப் பம்பாகவே விட்டுவைத்தார்கள். அரைக் குதிரைத்திறனுக்காகக் கூட அலையும் பந்தயக் கார்களில், எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அமைப்பின் பம்பை இன்றும் பெல்ட்டோ பல்சக்கரமோ கொண்டு இன்ஜினேதான் சுழற்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மின் எண்ணெய் பம்புகளில் பல, டர்போவிலிருந்து எண்ணெயைத் திரும்ப இழுக்கவும், கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பவும் செய்யப்பட்டவை. அவை குறைந்த அழுத்தத்தில் எண்ணெயை இடம் மாற்றுபவை. இன்ஜினின் முதன்மை எண்ணெய்த் தடத்துக்கு 60 பி.எஸ்.ஐ.யில் மணிக்கணக்காக ஊட்டுவதற்கானவை அல்ல. வாங்குமுன் லிட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எந்த அழுத்தத்தில் அத்தனை லிட்டர், எண்ணெய் எத்தனை பாகைவரை, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் எழுதப்படாத பம்பை முதன்மை வேலைக்கு எண்ணிப் பார்க்கவே கூடாது.

துணைப் பம்பு என்னும் நடுவழி

பழைய பம்பை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, சிறிய மின்பம்பு ஒன்றை இணையாகப் பொருத்தி, இன்ஜினைக் கிளப்புமுன் 10, 15 நொடி மட்டும் ஓடவிடுவது இரண்டாவது வழி. சம்பின் வடிகால் திருகுக்குப் பதிலாக ஒரு குழாய் இணைப்பு, அங்கிருந்து பம்பு, பம்பிலிருந்து, எண்ணெயை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வழியாக, எண்ணெய் அழுத்த சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டி-இணைப்பு. இவ்வளவுதான் அமைப்பு. நிமிடத்துக்கு 10 லிட்டரை 2 பாரில் தள்ளினால் போதும் என்பதால் மின்சாரச் செலவு 7, 8 ஆம்பியர், அதுவும் சில நொடிக்கு. டைனமோவைத் தொடவே வேண்டியதில்லை. விளக்கு அணைந்ததும் பம்பை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தலாம். பம்பு பழுதானால் இழப்பது அந்தப் பதினைந்து நொடிச் சொகுசை மட்டுமே. மனம் மாறினால் எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு துளைகளையும் பழையபடி அடைத்து, காரை அதன் பிறந்த நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். பழைய கார் வைத்திருப்பவருக்கு இது சிறிய ஆறுதல் இல்லை.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. நான்-ரிட்டர்ன் வால்வில் ஒரு துணுக்கு சிக்கித் திறந்தே நின்றுவிட்டால், இன்ஜின் ஓடும்போது முதன்மைத் தடத்தின் எண்ணெய் துணைப் பம்பின் வழியே பின்னோக்கிச் சம்புக்கு வடியத் தொடங்கும், அழுத்தம் சரியும். ஆகவே அந்த வால்வைத் தரமானதாக வாங்குவதோடு, மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும் வகைச் சொலினாய்டு வால்வு ஒன்றையும் வரிசையில் சேர்ப்பது நல்லது. குழாய்கள் சூடான எண்ணெயைத் தாங்குபவையாக இருக்க வேண்டும்; சாதாரண பெட்ரோல் குழாயைப் போட்டு, அது வெடித்து, எண்ணெய் புகைக்குழாய் மீது தெறித்தால் தீப்பிடிக்கும். பம்பை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டும்; இவ்வகைப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, உயரத்துக்கு உறிஞ்சுவதில் அல்ல.

மின்மோட்டார் இல்லாமலே இதே வேலையைச் செய்யும் அக்கியூமுலேட்டரும் உண்டு. ஓர் உருளைக்குள் பிஸ்டனின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எண்ணெய். கார் ஓடும்போது அழுத்தத்தோடு எண்ணெயைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை வால்வைத் திறந்ததும் இன்ஜினுக்குள் தள்ளும். கூர்மையான வளைவில் எண்ணெய் சம்பின் ஓரத்துக்கு ஒதுங்கி பம்பு காற்றை இழுக்கும் நேரத்திலும் இது கைகொடுக்கும். செப்பாங் கார்ப் பந்தயத் தடத்தில் இறங்கும் எண்ணம் உள்ளவர் மின்பம்பைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மைனரின் சிறிய இன்ஜின் அறையில் இதற்கு இடம் தேடுவது கடினம். வீட்டிலிருந்து கோயிலுக்கும் பசியாறவும் போய்வரும் காருக்கு அது தேவையும் இல்லை.

செலவே இல்லாத ஒரு வழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காயிலின் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிவிட்டு, பிறகு கம்பியை மாட்டிக் கிளப்புவது. அப்போது சிலிண்டரில் எரிப்பு இல்லாததால் பேரிங்குகளின் மேல் சுமை குறைவு. இரண்டு மூன்று வாரம் நின்ற காருக்கு நான் இதைத்தான் செய்கிறேன். ரோவர் வி8 போல டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே பம்பை எட்டக்கூடிய இன்ஜின்களில், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, கைத் துளைப்பானால் பம்பைச் சுழற்றி எண்ணெய் ஏற்றலாம். புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு அது மிகச் சிறந்த முறை. வடிந்துபோவதைத் தடுக்கும் வால்வு கொண்ட நல்ல எண்ணெய் வடிகட்டியைப் போடுவது இதைவிடவும் எளிது. மின்பம்பைப் பற்றி யோசிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த வடிகட்டியே போதுமானதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

விளக்கு எதைச் சொல்கிறது

இனி மூன்றாவது வழி, அதாவது இருப்பதைச் செப்பனிடுவது. தம்பியின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் என்பது பம்பு தனியாக உண்டாக்கும் பொருளன்று. பம்பு ஓட்டத்தைத் தருகிறது. அந்த ஓட்டத்தைப் பேரிங்குகளின் சிறிய இடைவெளிகள் தடுப்பதால்தான் அழுத்தம் எழுகிறது. அந்த இடைவெளி பெருகினால், அதன் வழியே வெளியேறும் எண்ணெய் இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். 0.05 மில்லிமீட்டராக இருந்தது தேய்ந்து 0.075 ஆனால், கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசமே கசிவை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிவிடும். இப்படிப்பட்ட இன்ஜினுக்கு மின்பம்போ, அதிகக் கொள்ளளவுள்ள இயந்திரப் பம்போ போட்டால் விளக்கு அணையும் என்பது மெய்தான். ஆனால் பேரிங்கின் தேய்மானம் அப்படியே இருக்கும், அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அறிகுறி மறைந்துபோகும். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் வெப்பமானியை ஒளித்துவைப்பது போன்ற செயல் அது.

விளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. பல கார்களில் அந்த சுவிட்ச் 5 முதல் 10 பி.எஸ்.ஐ.க்குள் ஏதோ ஓர் இடத்தில் மாறும். சுவிட்சே பழுதாகியும் இருக்கலாம். அதே துளையில் ஒரு அழுத்தமானியைத் திருகி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு அளக்க வேண்டும். ஏ-சீரிஸ் இன்ஜின் சூட்டில் ஓடும்போது 60 பி.எஸ்.ஐ. அளவிலும், சும்மா ஓடும்போது 15 அளவிலும் காட்டினால் அது நலமாக இருக்கிறது. சும்மா ஓடும்போது பேரிங்குகளின் மேல் சுமை மிகக் குறைவு என்பதால் அந்த 15 பி.எஸ்.ஐ. போதும், முழு அழுத்தம் வேண்டும் என்று ஏங்குவதற்குக் காரணமே இல்லை. வேகத்தில் 60-ஐ எட்டிவிட்டு, ஓய்வில் மட்டும் பத்துக்குக் கீழே விழுந்தால் பம்பிலோ பேரிங்கிலோ தேய்மானம் தொடங்கியிருக்கிறது. வேகத்திலும் 40-ஐத் தாண்டவில்லை என்றால், ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியிலிருந்தே கழற்றக்கூடிய அந்தச் சிறு பொருளைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்தவர்களை நான் அறிவேன்.

பம்பைக் கையில் எடுத்துவிட்டால் சோதனை எளிது. ஏ-சீரிஸின் ரோட்டர் வகைப் பம்பில், ரோட்டர்களுக்கும் மூடிக்கும் இடையிலான மேல் இடைவெளி 0.005 அங்குலத்தையும், இரண்டு ரோட்டர்களின் பற்களுக்கு இடையிலான இடைவெளி 0.006 அங்குலத்தையும், வெளி ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடையிலானது 0.010 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. ஒரு ஃபீலர் கேஜும் நேரான இரும்புப் பட்டையும் இருந்தால் பத்து நிமிட வேலை. தாண்டியிருந்தால் புதிய பம்பைப் பொருத்த வேண்டும். அதற்குள் எண்ணெயை நிரப்பிய பிறகே பொருத்த வேண்டும், இல்லையென்றால் முதல் சுழற்சிகளில் அது காற்றையே தள்ளிக்கொண்டிருக்கும். பம்பைக் கையில் எடுப்பதுதான் கடினம். மைனரில் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல், பின்தகடு எல்லாம் கழன்ற பிறகுதான் பம்பின் முகமே தெரியும். ஆகவே கிளட்ச் மாற்றும் நாளே பம்பு மாற்றும் நாளாகவும் இருக்க வேண்டும். கிளட்சுக்காக எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பம்பின் சிறிய விலையை மிச்சப்படுத்தி மறுபடி பூட்டுவது பெரிய தவறு.

அதிகக் கொள்ளளவுள்ள இயந்திரப் பம்பைப் பற்றி ஒரு வரி: பேரிங்குகள் நன்றாக இருக்கும் இன்ஜினில் அது பெரும்பாலும் ரிலீஃப் வால்வு வழியே எண்ணெயைச் சுற்றிக்கொண்டிருக்கும், தேய்ந்த இன்ஜினில் தேய்மானத்தை மறைக்கும். எண்ணெய்க் குளிர்விப்பானும் நீண்ட குழாய்களும் சேர்த்திருப்பவருக்கு அது பயன்படும். பீட்டிலில் அதை மாற்றுவது எளிது என்பதால் அங்கே பலர் மாற்றுகிறார்கள்.

இவற்றை எல்லாம் வைத்து நான் முடிவுக்கு வரும் விதம் இது. அழுத்தம் அளந்து சரியாக இருக்கிறது, கார் வாரம் இருமுறையாவது ஓடுகிறது என்றால் எதையும் மாற்ற வேண்டாம். அழுத்தம் சரி, ஆனால் கார் மாதக்கணக்கில் நிற்கிறது, இன்ஜின் அண்மையில் பெரிய செலவில் கட்டப்பட்டது என்றால் துணை மின்பம்பு நல்ல முதலீடு. குறிப்பாகப் பாகங்கள் கிடைப்பதற்கு அரிய இன்ஜின்களுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். அழுத்தம் குறைவு என்றால் எந்த மின்பம்பும் வேண்டாம், முதலில் ரிலீஃப் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, பிறகு சம்பைக் கழற்ற வேண்டும். முழு மாற்றத்தை நான் ஒப்புக்கொள்ளும் நிலைமை ஒன்றே ஒன்றுதான்: பழைய பம்புக்குப் பாகமே கிடைக்காத, பட்டறையில் புதிதாகக் கடைந்து செய்யவும் முடியாத அபூர்வ இன்ஜின். அப்போதும் பெரிய ஆல்டர்னேட்டர், மாற்றுப் பம்பு, அழுத்தம் விழுந்த நொடியே இக்னிஷனைத் துண்டிக்கும் சுவிட்ச், ஓட்டுநரின் கண்ணில் அடிக்கும்படி ஒரு பெரிய விளக்கு ஆகிய நான்கும் இருந்தால் மட்டுமே.

தம்பியின் காரில் அழுத்தமானியை மாட்டி, பினாங்குப் பாலத்தைக் கடந்து ஆயர் ஈத்தாம் வரை ஓட்டிவிட்டு அளந்தோம். வேகத்தில் 45, ஓய்வில் 6. ரிலீஃப் ஸ்பிரிங்கை மாற்றியதில் வேகத்தில் 50 ஆனது; ஓய்வில் மாறவில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வழக்கமான பட்டறையில் சம்பைக் கழற்றிப் பார்த்தபோது, பிக் எண்ட் பேரிங்குகளில் இரண்டில் வெண்ணிறப் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க்ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரால் அளந்த பட்டறை அண்ணன், கீறல் இல்லை, கடைய வேண்டியதில்லை என்று சொன்னபோதுதான் தம்பிக்கு மூச்சு வந்தது. இன்னும் சில மாதம் முழு அழுத்தத்தோடு விளக்கு எரியாமல் ஓடியிருந்தால் அந்தச் சொல் வேறாக இருந்திருக்கும். கிளட்சும் தேய்ந்திருந்ததால் இன்ஜினை இறக்கிப் பேரிங், பம்பு இரண்டையும் ஒன்றாக மாற்றினார்கள். இப்போது சூட்டில் 58, ஓய்வில் 18. துணைப் பம்புக்கான டி-இணைப்பை மட்டும் அழுத்த சுவிட்சின் துளையில் பொருத்தி, அதன் ஒரு முனையை அடைத்து வைத்திருக்கிறான்.